முன்பும் ஒருமுறை சரிந்த மலை

என் மகனுக்கு, உன் அம்மா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய கவர் தபால்காரர் புண்ணியத்தில் நனையாமல் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு போனில் பேசிய ஒவ்வொரு தடவையும் "அம்மா, வாசிச்சீங்களா?" என்று கேட்டாய். நான் மழையைப் பற்றியும் உன் மாமாவின் கால் வலியைப் பற்றியும் பேசி நேரத்தைக் கடத்தினேன். இந்தப் பேச்சைப் போனில் எடுத்தால் நீ அங்கே அழுவாய், நான் இங்கே உன்னைத் திட்டுவேன், இடையில் கார்ட் முடிந்துபோகும். அதனால் நான் பிள்ளை பார்க்கிற இந்தப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்குகிற மத்தியான வேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொழுந்து எடுக்கப் போன தாய்மார் திரும்பி வரும்வரை எனக்கு நேரம் இருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மடியில் ஒன்று படுத்திருக்கிறது என்று நினைத்துக்கொள். இதை உன் வாத்தியார்மாருக்கோ கூட்டாளிகளுக்கோ வாசித்துக்காட்ட நினைத்தால் தாராளமாகக் காட்டு. மறைக்க இதில் ஒன்றும் இல்லை. மறைத்தது போதும்.

நீ கேட்டது ஒரே கேள்விதான். நம் தோட்டத்துக் கீழ் டிவிசன் மலை வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒருமுறை சரிந்து ஆட்கள் குடியிருந்த லயத்தை மூடியிருக்கிறது, ஆட்கள் செத்திருக்கிறார்கள், இனி அந்தச் சரிவில் குடி வைக்கக்கூடாது என்று லயத்தை வேறு பக்கம் மாற்றியிருக்கிறார்கள். இதெல்லாம் அச்சில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை நீ கண்டுபிடித்துவிட்டாய். இதை உன் ஆய்வில் எழுதலாமா, அரசாங்கக் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்டாய். கடைசியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தாய்: "அப்பா தாங்குவாரா?" உண்மையான கேள்வி அந்தச் சின்ன எழுத்துத்தான். அதற்குப் பதில் தெரியாமல்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. நீ வீட்டில் இல்லாத நாளில் நடந்தது அது. அப்போது நீ வரக்காப்பொலயில் மாமாவின் பலசரக்குக் கடையில் தங்கி ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய். உன் தங்கச்சி புவனா ஓ.எல். சோதனை எடுக்கவிருந்த வருஷம். லயத்து நடுக் காம்பராவில் வெளிச்சம் வராது, குப்பி விளக்கில் படித்துப் படித்து அவள் கண் சிவந்துபோகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அப்பா கணக்கப்பிள்ளையிடமும் தலைவரிடமும் நடையாய் நடந்து, பெரிய துரையிடம் கும்பிட்டுக் கேட்டு, லயத்தின் கோடிக் காம்பராவை மாற்றி வாங்கினார். அதற்கு மட்டும்தான் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. றப்பர் பால்வெட்டு முடிந்து வந்து அவரே பலகை அறுத்து அந்த ஜன்னலுக்குக் கீழே அவளுக்கு ஒரு மேசை அடித்துக் கொடுத்தார். ஒரு கால் குட்டை. அவள் அதற்கு அடியில் ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, "எங்க அப்பா பாஸ் உன்னஹே செஞ்ச மேச" என்று அவரைத் தச்சாசாரியாக்கி ஊர் முழுக்கக் கேலி செய்துகொண்டு திரிந்தாள்.

அந்த வைகாசி மழையில் மலை வந்து எடுத்தது கோடியிலிருந்த இரண்டு காம்பராவைத்தான். நான் இங்கே குழந்தைகளோடு இருந்தேன், மழைக்குப் பயந்து தாய்மார் யாரும் இன்னும் வந்து சேரவில்லை. அப்பா ஸ்டோருக்குப் பால் வாளியைக் கொண்டுபோயிருந்தார். பின்னேரம் பெரிய லொறி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் இங்கிருந்து இறங்கி ஓடும்போது லயம் பாதியில் முடிந்திருந்தது. பக்கத்துக் காம்பரா செல்லம்மாவும் அவள் புருஷன் பெருமாளும் அதிலே போய்விட்டார்கள். உன் தங்கச்சியை மறுநாள் எடுத்தார்கள். அவள் மேசையை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துவந்து கொடுத்தானே பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பையன், அவனும் அவன் அண்ணனும்தான் மண்வெட்டியோடு முதலில் வந்தவர்கள் என்பதையும் உன் ஆய்வில் எங்காவது எழுது. அவர்கள் நம் ஆட்கள் இல்லை, ஆனாலும் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள்.

பிறகு எல்லோரும் வந்தார்கள். துரை வந்தார், கச்சேரியிலிருந்து ஐயாமார் வந்தார்கள், கோயில் ஐயர் வந்தார். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. இந்த மலை இதுவரை சரிந்ததில்லை, இப்படி நடக்குமென்று யாருக்குத் தெரியும் என்றார்கள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். யார் துக்கம் கேட்டு வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு, "யாருக்குங்க தெரியும்" என்பார். சோற்றில் கை வைத்துவிட்டு அதைச் சொல்லுவார், கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு அதைச் சொல்லுவார். யாருக்கும் தெரியாதென்றால்தான் கோடிக் காம்பராவைக் கேட்டு வாங்கியது குற்றமாகாது. அந்த மனுஷன் ஆறு வருஷமாக அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எழுந்து வேலைக்குப் போகிறார். நமக்கு மேல் டிவிசனில் இந்தப் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு காம்பரா கொடுத்தார்கள். கீழே மிஞ்சிய பாதி லயத்தில் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால், அது ஒருநாளும் நடக்காதது, ஒருமுறை நடந்துவிட்டது, இனி நடக்காது என்று துரையும் ஐயாமாரும் அதே பேச்சைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

நீ பல்கலைக்கழகத்துக்குப் போய், இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் சரித்திரத்தைப் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இல்லை, கோபமாக இருந்தது. லீவுக்கு வந்தால் தங்கச்சியின் படத்துக்குப் பூ வைப்பதற்கு முன்னால் தெரணியகலைக்கு நெட் கடைக்கு ஓடினாய். "செத்தவள கம்ப்யூட்டர்லயா தேடுற?" என்று நான் கேட்டேன். அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அந்தக் கடை உனக்கு ஞாபகம் இருக்கும், தபால் கந்தோருக்கு எதிரில், கீழே த்ரீவீல்காரர்கள் நிற்பார்கள். கடைக்காரப் பெண் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு, "வாடி வென்ன அம்மே" என்று உட்காரச் சொன்னாள். திரையில் ஒரு பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. பாதி வந்ததும் கரண்ட் போனது. வந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு விரல் இருந்தது. எங்கோ ஒரு நாட்டில் நூலகத்தில் யாரோ புத்தகத்தை விரித்துப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறார்கள், விரலும் சேர்ந்து விழுந்துவிட்டது. சபரகமுவ அரசாங்க ஏஜண்டுத் துரை வருஷா வருஷம் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை என்றாய். நம் ஊரைப் பற்றி இங்கே உட்கார்ந்து எழுதியதை அவர்கள் அங்கே கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்து, படம் பிடித்து, இப்போது நெட் வழியாக நமக்கே காட்டுகிறார்கள். எனக்கு அந்த விரல்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. அந்த ஆளுக்கு நம்மைத் தெரியாது, தெரணியகலை எந்தத் திக்கில் என்று தெரியாது, ஆனாலும் பக்கம் மடங்காமல் பிடித்திருக்கிறது. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது நான் உன்னிடம் ஒன்று சொன்னேன், மறந்திருப்பாய். தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிய வருஷம், தொண்ணூற்று இரண்டில், ஆபீஸ் பழைய கடதாசிகளையெல்லாம் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். எரியாததை நாங்கள் பிள்ளைக்காம்பராவுக்கு அள்ளிவந்தோம். குழந்தைகள் பின்பக்கத்தில் கீறி விளையாடின, ஷெல்புக்கு விரித்தோம், மிஞ்சியதை அடுப்புக்கு வைத்தோம். முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர் யார்? நமக்குப் பக்கத்தில் இருந்தது சாம்பலாகிவிட்டது, கடல் கடந்து போனதுதான் தப்பியிருக்கிறது. அதனால்தான் நீ நெட்டில் தேட வேண்டியிருக்கிறது என்று அன்று எனக்கு விளங்கியது.

ஆனால் நீ தேடிய தேடலில் நம் தோட்டம் இருந்தும் நம் மலை இல்லை. தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரைப் போட்டுப் பார்த்தாய். வருஷ வருஷமான தோட்ட டிரெக்டரிகள், துரைமார் பத்திரிகைகள், மழைக் கணக்கு எல்லாம் வந்தது. எத்தனை ஏக்கர் தேயிலை, எத்தனை ஏக்கர் றப்பர், எந்தத் துரை லீவில் போனார் என்பது வரைக்கும் வந்தது. மண்சரிவைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ மெலிந்துபோனாய். அப்போது அப்பா உன்னைப் பார்த்து, "இல்லாதத எங்கடா எடுக்கப் போற தம்பி. யாருக்குத் தெரியும்" என்றார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உனக்குக் கோபம், அவருக்கு நிம்மதி. இரண்டு பேருக்கும் நடுவில் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

நீ அந்த மலைப் படத்தோடு பிடிபட்டதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கேயோ ஒரு நாட்டு நூலகத்தில் கிடைத்த பழைய நில அளவைப் படத்தைக் கண்டியில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, சண்டை மும்முரமாக நடந்த நாளில் பஸ் ஏறினாய். தமிழ்ப் பையன், கையில் மலையும் ஆறும் ரோடும் போட்ட படம். வரக்காப்பொல தாண்டுமுன் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். இது நூறு வருஷத்துக்கு முந்திய படம் என்று நீ சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் கூடியிருக்கும். படித்த பிள்ளைக்கு அந்தப் புத்தி இல்லை. மாமா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, "மஹத்தயா, மே அபே கொல்லா" என்று, இவன் எங்கள் பையன் என்று கையெடுத்துக் கும்பிட்டு, புவனாவின் கதையைச் சிங்களத்தில் முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். சாவடிக்குப் பொறுப்பான பெரியவர் கேட்டுவிட்டு, படத்தைச் சுருட்டி உன் கையில் கொடுத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாராம். மாமா அதை இன்றும் சொல்லிச் சொல்லி அழுவார். இப்போது சண்டை முடிந்தது என்று கடைத்தெருவில் பட்டாசு வெடித்துப் பாற்சோறு கொடுக்கிறார்கள். முடிந்தது நல்லதுதான். இருந்தாலும் படத்தைச் சுருட்டிக்கொண்டு திரியாதே, கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்.

கடைசியில் உனக்கு வழி காட்டியது நம் கரகம். இந்த வருஷம் திருவிழாவுக்கு நீ வந்திருந்தாய். நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் மேலே இருக்கிறது. ஆனால் கீழ் டிவிசன் ஆட்கள் கரகத்தைச் சோடித்துப் பாலித்து, மேலே ஏறாமல், ஆற்றில் இறங்கி, முதலில் அக்கரைத் தோட்டத்துக் கோயிலுக்குப் போய் அங்கே தேங்காய் உடைத்துவிட்டுத்தான் நம் கோயிலுக்கு வருவார்கள். வருஷா வருஷம் நம் கோயில் கமிட்டிக்கும் அவர்களுக்கும் இதில் வாய்ச்சண்டை. "நம்ம தோட்டத்துல அம்மன் இல்லாமயா அடுத்த தோட்டத்து அம்மனுக்கு மொத தேங்கா?" என்று இவர்கள் கேட்பார்கள். "அது வழக்கம்ங்க, மாத்தக் கூடாது" என்று அவர்கள் சொல்லுவார்கள். அதற்குமேல் யாரிடமும் பதில் கிடையாது. நீ அன்று ஆற்றில் முழங்கால் தண்ணீரில் கரகத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டாய். பின்னால் தப்பு அடித்து வந்தவர் உன்மேல் மோதிக்கொண்டு திட்டினார். நீ என்னைப் பார்த்து, "அம்மா, இந்த டிவிசன் முன்ன அக்கரைத் தோட்டத்தோடயா இருந்துச்சு?" என்றாய். எனக்குத் தெரியாது. அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. எல்லை மாறியதைக் கடதாசி மறந்துவிட்டது, ஆட்களும் மறந்துவிட்டார்கள், தேங்காய் மட்டும் பழைய கோயிலுக்கே போய்க்கொண்டிருந்தது.

அடுத்த கிழமையே அக்கரைத் தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரைப் போட்டுத் தேடி எடுத்துவிட்டாய். அந்த இங்கிலீஷ் தாளோடு நீ தமிழில் எழுதி அனுப்பியதை நான் வாசித்த தடவைக்குக் கணக்கில்லை. அது இறந்தவர்களைப் பற்றிய பக்கம்கூட இல்லை, ரோடுகளைப் பற்றிய பக்கம். மண் விழுந்து வண்டி ரோடு மூடிக்கொண்டது, தேயிலைப் பெட்டிகள் போக முடியவில்லை, அதனால் தோட்டத்துக்கு நஷ்டம் என்று சொல்ல வந்த இடத்தில்தான் லயம் புதைந்து கூலிகள் சிலர் மாண்டதையும், மிஞ்சியவர்களை முகட்டுக்கு அந்தப் பக்கம் குடியேற்றியதையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ரோடு மூடாமல் இருந்திருந்தால் அந்தச் சாவுகளும் அச்சில் ஏறியிருக்காது. மேல்படிப்புக்கு வெளிநாடு போய் இன்னும் தேடப்போகிற உனக்கு இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். நம்மைத் தேடுவதென்றால் நம் பெயரில் தேடாதே. ரோட்டில் தேடு, பாலத்தில் தேடு, காய்ச்சல் பரவியதில் தேடு, துரைக்கு நஷ்டம் வந்த இடத்தில் தேடு. நமக்கு வந்த நஷ்டம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் கிடைத்ததும் துள்ளாமல் அந்தப் பழைய படத்தையும் எடுத்துப் பார்த்து, லயம் முகட்டுக்கு அப்பால் இருந்ததையும், இந்தச் சரிவில் ஒரு கட்டடமும் இல்லாததையும் ஒத்துப்பார்த்தாயே, அது எனக்குப் பிடித்தது. எழுதியவன் யார், யாருக்கு எழுதினான், எதை விட்டான் என்று எப்போதும் பார். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று குறித்து வை, நாளைக்கு ஒருவன் வந்து பொய் என்பான். நெட்டில் பார்த்ததோடு நின்றுவிடாதே, காலால் நடந்தும் பார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று நானும் யோசித்தேன். டிவிசனை நம் தோட்டத்தோடு சேர்த்தபோது நிலம் வந்தது, ஆட்கள் வந்தார்கள், அந்தக் கடதாசி மட்டும் வரவில்லை. பிறகு வந்த யாரோ தண்ணீர் பக்கம், ரோடு பக்கம் என்று பார்த்து அதே சரிவில் லயம் கட்டிவிட்டான். தெரிந்தவன் சொல்லாமல் போனான், கட்டியவன் கேட்காமல் கட்டினான். என் பிள்ளை போய்விட்டது. எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. விதி என்று நினைத்து ஆறு வருஷம் சாமியோடு சண்டை போட்டிருக்கிறேன். அது வீண் சண்டை என்று இப்போதுதானே தெரிகிறது. விதி என்றால் அழுது தீர்க்கலாம். தடுத்திருக்கலாம் என்று தெரிந்த பிறகு எப்படி அழுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கவரை அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அப்பாவிடம் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் காலையில் கீழ் லயத்துக் குழந்தைகளை ஒவ்வொன்றாக என் கையில் வாங்குகிறேன், பின்னேரம் ஒவ்வொன்றாக அந்த மலைக்கு அடியில் அனுப்பி வைக்கிறேன். வைகாசி பிறந்து, மேற்கே கறுத்துக்கொண்டு வந்தபோது பிள்ளைகளைக் கீழே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வாசலில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ எழுதியதை நிறுத்தாமல் வாசித்தேன். கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது. "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன்.

"அப்ப தெரிஞ்சிருக்கு" என்றார். பிறகு, "கோடிக் காம்பராவ நான்தானே கேட்டு வாங்கினேன்" என்றார்.

"கேட்டது நீங்கதான். கட்டினது நீங்களா? அங்க கொண்டுபோய்க் குடி வச்சது நீங்களா?" என்றேன். "புள்ளைக்கு வெளிச்சம் வேணும்னுதானே கேட்டீங்க. அதுல என்னங்க குத்தம்?"

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வேலைக்குப் போய் வந்தார், குளித்தார், படுத்தார். யாருக்குத் தெரியும் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்ட எனக்கே, அது இல்லாமல் வீடு பயமாக இருந்தது. அவரை உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உன்னை மனதுக்குள் திட்டினேன். நெட் கடையைத் திட்டினேன், அந்த விரலைக்கூடத் திட்டினேன்.

அந்தக் கிழமைக் கடைசியில் ஒரு பின்னேரம் மழை பிடித்தது. அப்பா எழுந்து கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, அரிசிப் பெட்டியைத் திறந்து உன் இங்கிலீஷ் தாளை எடுத்து ஒரு பொலித்தீன் சொப்பின் பையில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். நானும் பின்னால் போனேன். புவனா போன நாளிலிருந்து அவர் கீழ் லயத்துப் பக்கம் கால் வைத்ததில்லை, உனக்குத் தெரியும். நேராகப் போய் முதல் காம்பரா வாசலில் நின்று தாளை விரித்தார். அவருக்கு அதில் ஒரு எழுத்துத் தெரியாது. நான் வாசித்ததை ஒரு சொல் விடாமல் மனப்பாடமாகச் சொன்னார், வரிக்கு வரி விரலை வேறு ஓட்டிக்கொண்டு.

"அட என்னண்ணே, இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆண்டவன் விட்ட வழி" என்றான் அந்த வீட்டு முத்தையா.

"தெரியும்டா. இந்தா அச்சடிச்சுக் கெடக்குது. நம்மகிட்டதான் யாரும் சொல்லல. இப்ப நான் சொல்றேன்ல? புள்ள குட்டியத் தூக்கிக்கிட்டு மேல ஏறு" என்றார். அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

ஒவ்வொரு காம்பராவாகப் போனார். நான் ஓடிவந்து பிள்ளைக்காம்பராவைத் திறந்து பாய் விரித்தேன். சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. மலை அன்று அசையவில்லை. காலையில் இறங்கிப் போகும்போது, "மல அங்கதானே இருக்கு மாமா, நம்மளத்தான் நொளம்பு கடிச்சிருச்சு" என்று சிரித்தார்கள். அடுத்த தடவை மேற்கே கறுத்ததும் அப்பா மறுபடி கம்பளியைப் போட்டுக்கொண்டு போனார். அதற்கடுத்த மழைக்கும் போனார். இன்னும் சிரிக்கிறார்கள், ஆனால் இப்போதெல்லாம் முழு லயமும் ஏறி வருகிறது. பெரிய துரையிடமிருந்து, பிள்ளைக்காம்பராவை யாரைக் கேட்டுத் திறந்தாய் என்று எனக்கு ஆள் வந்தது. அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். காட்டினார். வந்தவர் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் எழுது. கச்சேரிக்குக் கொண்டுபோ, பல்கலைக்கழகத்தில் சொல்லு, போகிற நாட்டிலும் சொல்லு. ஆனால் போவதற்கு முன் ஒருநாள் இங்கே வந்து, கீழ் லயத்து வாசலில் நின்று நீயே எல்லோருக்கும் வாசித்துக்காட்டு. இவர்களைப் பற்றியது முதலில் இவர்கள் காதில் விழட்டும். வரும்போது புதிதாக ஒரு பிரதி கொண்டுவா. அப்பா கையிலிருப்பது மழையில் நனைந்து மடிப்பில் கிழிந்துவிட்டது. இங்கிலீஷ் பக்கம் ஒரு புறம், உன் தமிழ் மறு புறம் இருக்கட்டும், எழுத்தைப் பெரிதாகப் போடு.

நேற்று அப்பா கத்தி தீட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், உன்னிடம் சொல்லச் சொன்னது இது:

"அந்தத் தாள்ல ரெண்டாந்தடவ சரிஞ்சது இல்ல தானே. அதுக்குக் கீழ தம்பிய எழுதச் சொல்லு. செல்லம்மா பேரு, பெருமாள் பேரு, நம்ம புவனா பேரு, எல்லாம் போடச் சொல்லு. கூலின்னு போட வேணாம்."

பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"புள்ள படிச்சிக்கிட்டு இருந்துச்சுன்னு எழுதச் சொல்லு."